சங்காயம் யார் பசிக்கு?

பாக் விரிகுடாவில் இழுவைமடித் தொழில் செய்யும் விசைப்படகு உரிமையாளர்களுக்கும் டிரைவர்களுக்கும் பங்குக்குப் போகும் தொழிலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் எனக் கரை நெடுக இருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே!

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. நீங்கள் கொண்டுவருவதை வாங்கித் தின்கிறவன். ஆகவே உயிரைக் கொன்று பிழைப்பது பாவம் என்ற பேச்சோடு உங்கள் முன் வந்து நிற்க எனக்கு வாயில்லை. அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. சைவச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் வயலில் செத்த எலிகள் உண்டு, மருந்தடித்துக் கொன்ற பூச்சிகள் உண்டு, காட்டை அழித்துக் கழனியாக்கிய கதை உண்டு. அங்கே சாவு மறைவில் நடக்கிறது. உங்கள் படகில் அது தளத்தில் கிடந்து துள்ளுகிறது. அதற்காக உங்களை மட்டும் கொடியவர்களாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடலுக்குள் நடப்பதும் வேட்டைதான். சீலா நெத்திலிக் கூட்டத்துக்குள் பாய்கிறது. ஓங்கில் சாளையை வளைத்துப் பிடிக்கிறது. கணவாய் இறாலுக்குக் காத்துக் கிடக்கிறது. அந்த வரிசையில் மனிதனும் ஒருவன். அவனுக்கு அங்கே இடமில்லை என்பவர்கள் பசித்துக் கிடந்து பழகாதவர்கள். பசிக்கு எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை வைத்துக்கொண்டே பேசுகிறேன். அந்த உரிமை எதுவரைக்கும் போகும் என்பதுதான் என் கேள்வி.

2015-ல் 'சயின்ஸ்' இதழில் கனடாவைச் சேர்ந்த கிறிஸ் டாரிமாண்ட் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகம் முழுவதிலுமிருந்து வேட்டைக் கணக்குகளைத் திரட்டி, மற்ற உயிர்கள் வேட்டையாடும் அளவையும் மனிதன் வேட்டையாடும் அளவையும் ஒப்பிட்டார்கள். கடலில், வளர்ந்த மீன்களை மற்ற வேட்டை உயிர்கள் எடுக்கும் விகிதத்தைப்போல 14 மடங்கு மனிதன் எடுக்கிறான் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குள் இருக்கும் இன்னொரு விஷயம். இயற்கையில் வேட்டை பெரும்பாலும் குஞ்சுகள் மீதும் இளசுகள் மீதும் விழுகிறது. ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டை போடுகிறது. அதில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் எவற்றின் வயிற்றுக்காவது போகும். தப்பி வளர்ந்த கொஞ்சம்தான் அடுத்த தலைமுறைக்கு முட்டை போடும். மனிதன் அந்தக் கொஞ்சத்தைக் குறிவைக்கிறான். பெரிய மீனுக்குத்தானே விலை!

இந்தக் கணக்கை வாசித்தபோது எனக்கு உங்கள் மடிதான் நினைவுக்கு வந்தது. தூண்டில்காரன் பெரியதை எடுக்கிறான், குஞ்சை விடுகிறான். சீலா குஞ்சை எடுக்கிறது, பெரியதை விடுகிறது. ஒரே இழுப்பில் இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவை ஒதுங்கியிருந்த தரையையும் கிளறிவிட்டுப் போகிற வேட்டையாடி கடலில் இழுவைமடியைத் தவிர வேறில்லை.

பாக் விரிகுடாவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. வெயில் அடிவரை இறங்குவதால்தான் அங்கே கடற்புல் அப்படி விரிந்து கிடக்கிறது. நீங்கள் நல்ல விலைக்குத் தேடும் பச்சை வரி இறால் குஞ்சாக இருக்கும்போது ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள். காரல் கூட்டம் கூட்டமாக மேய்வது அதைச் சுற்றி. கடற்பசுவான ஆவுளியா தின்பதும் அந்தப் புல்லைத்தான். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ. இந்தத் தரையின் மேல் இரண்டு பலகைகளும் சங்கிலியும் உராய்ந்துகொண்டு போகின்றன. ஆழ்கடலில் மடி தரையைத் தொடுவது ஒன்று. இவ்வளவு சின்ன, இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் அதே தடங்களில் திரும்பத் திரும்ப இழுப்பது வேறு. புல் வேர்விட்டு எழுவதற்கு முன் அடுத்த மடி வந்துவிடுகிறது.

இனி சங்காயத்துக்கு வருகிறேன். இந்த மடல் எழுதக் காரணமே அதுதான்.

தளத்தில் கொட்டியதும் இறாலைப் பொறுக்குகிறீர்கள். நண்டு, கணவாய், பெயருள்ள மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூடைக்குப் போகின்றன. மிச்சமாகும் குவியல்தான் சங்காயம். விரல் நீளத்துக்கும் வராத மீன்குஞ்சுகள், நண்டுக் குஞ்சுகள், சிப்பி, கடற்குதிரை, நாளைக்கு இறாலாகப் போகும் பொடி இறால். இதை யாரும் குழம்பு வைப்பதில்லை. லாரியில் ஏற்றி மீன்தூள் ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நாலு அல்லது ஐந்து கிலோ சங்காயம் வெந்து, பிழிந்து, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. அந்தத் தூள் கோழித் தீவனத்துக்கும் பண்ணை இறால் தீவனத்துக்கும் போகிறது. பண்ணையில் வளரும் வன்னாமி இறால் கப்பலேறி, அதிகமாக அமெரிக்காவுக்குப் போகிறது.

இந்தப் பாதையை ஒருமுறை நிதானமாக நடந்து பாருங்கள். நம் கடலில் பெரியதாகியிருக்க வேண்டிய இறால், பொடியாகவே செத்து, தூளாகி, குளத்தில் வளரும் வேறொரு நாட்டு இறாலுக்கு இரையாகிறது. அதைத் தின்கிறவர் பசியால் தின்பவர் இல்லை. இடையில் பசி எங்கே இருக்கிறது என்று தேடினால், ஒரு கிலோவுக்குச் சில ரூபாய் வாங்கும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. 'பிழைப்புக்காகச் செய்கிறோம்' என்று நீங்கள் சொல்லும்போது நான் நம்புகிறேன். ஆனால் இந்தப் பாதையில் உங்கள் பிழைப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மடி உங்களுடையது, வேட்டை தீவன ஆலையுடையது.

'சங்காயம் விற்ற காசில்தான் டீசல் செலவே கட்டுகிறது' என்று சொல்வீர்கள். உண்மைதான். முன்பெல்லாம் கடலிலேயே தள்ளிவிட்டு வந்ததை இன்று கரைக்குக் கொண்டுவந்து எடை போடுகிற நிலைமை ஏன் வந்தது? நல்ல மீன் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்டக் குஞ்சை விற்றீர்கள். குஞ்சை விற்றதால் நல்ல மீன் இன்னும் குறைந்தது. இது உங்களுக்குத் தெரியாததா? கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தருகிற அளவுக்கு நான் யாருமில்லை. தெரிந்துகொண்டே செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இதிலிருக்கும் கொடுமை. வட்டிக்காரரும் ஏலக்காரரும் ஐஸ் கம்பெனியும் மறுநாள் காலையில் வாசலில் நிற்பார்கள். அவர்களிடம் கடற்புல் பற்றிப் பேச முடியாது.

இந்த மடியை நீங்களாக யோசித்துக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1952-ல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லம் பக்கத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து இந்தியக் கரைகளில் எந்திரப்படகுகள் பெருகின. இறாலுக்கு வெளிநாட்டில் டாலர் கிடைக்கும் என்று தெரிந்ததும் இழுவைமடி ஏறி வந்தது. அரசு கடன் கொடுத்தது, மானியம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே 1971 வரை உங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. இழுங்கள் இழுங்கள் என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டு, கடல் காலியானதும் 'பேராசைக்கார மீனவன்' என்று விரலை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றத்தைப் பங்கு போடுவதென்றால் கொச்சி, சென்னை, டெல்லி அலுவலகங்களுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும். இறால் பிரியாணி ஆர்டர் செய்கிற எங்களுக்கும் வைக்க வேண்டும்.

ஆனாலும் மடி உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், அலுவலகங்களுக்கு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. வேட்டைக்கு எல்லை போட்டுக்கொள்வது எப்படி என்பதில் உங்கள் கரைக்கு அனுபவம் இருக்கிறது.

விசைப்படகு வந்த புதிதில் நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை மடிகள் அறுத்துக்கொண்டு போயின. கரையில் அடிதடி நடந்தது, படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதன் விளைவாகத்தான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கினார்கள். பாக் விரிகுடாவில் மட்டும் இன்னோர் ஏற்பாடும் உருவானது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. சனி, திங்கள், புதன் உங்களுக்கு. மற்ற நாட்கள் அவர்களுக்கு. எந்த வேதாந்தியும் உட்கார்ந்து எழுதியதல்ல இது. சண்டை போட்டு, பஞ்சாயத்து பேசி, கலெக்டர் முன்னால் கையெழுத்துப் போட்டு உண்டானது. பலமுள்ளவன் பாதி வாரம் கரையில் உட்கார்ந்திருக்க ஒப்புக்கொண்டான் என்பது சின்ன விஷயமில்லை. வாழ்வதற்கும் வாழவிடுவதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்று நாள், நான்கு நாள் என்ற உங்கள் கோட்டை அவற்றில் பலவற்றைவிட நான் மதிக்கிறேன்.

அந்தக் கோடு எதிர்க்கரையை எட்டும்போது என்னவாகிறது என்பதையும் பேச வேண்டும்.

இலங்கையின் வடகரை ஊர்கள் அவை: தலைமன்னார், பேசாலை, மன்னார், குருநகர், மயிலிட்டி, பருத்தித்துறை. முப்பது ஆண்டுப் போரில் அந்த ஊர்க்காரர்கள் கடலைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கரையில் கிடந்தார்கள். பாஸ் இருந்தால்தான் போகலாம், எந்திரம் கூடாது, இரவில் கூடாது, கரையின் பல இடங்கள் உயர் பாதுகாப்பு வலயம். அந்த ஆண்டுகளில் அவர்களுடைய கடலில் நீங்கள் பிடித்தீர்கள். சூட்டுக்குத் தப்பியும் பிடித்தீர்கள், சூடுபட்டுச் செத்தும் பிடித்தீர்கள். 2009-க்குப் பிறகு அவர்கள் கடனை வாங்கி, ஃபைபர் படகும் செவுள் வலையும் வாங்கித் தொழிலுக்குத் திரும்பியபோது, இரவில் விரித்த வலை காலையில் இல்லை. சனி, திங்கள், புதன் இரவுகளில் வலை விரிக்கப் பயந்து கரையிலேயே தங்கிவிடுவதாக அந்தக் கரையில் சொல்கிறார்கள். ஒரு கரையில் நியாயம் செய்த அதே மூன்று நாட்கள் மறு கரையில் அச்சமாக இருக்கின்றன.

1970-களில் ராமேசுவரத்து வல்லக்காரர் உங்களைப் பார்த்து என்ன சொன்னாரோ, அதைத்தான் இன்று பேசாலைக்காரர் சொல்கிறார். அவர் பேசுவதும் தமிழ். அவர் வீட்டிலும் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். பிழைப்பு என்பதை நியாயமாக நீங்கள் முன்வைத்தால், அதே நியாயம் அவரிடமும் இருக்கிறது. அவருடைய வலை ஒன்று போனால் போனது ஓர் ஆண்டுச் சம்பாத்தியம்.

இலங்கைக் கடற்படை சுட்டதையும் அடித்ததையும் நியாயப்படுத்த இந்த மடலில் ஒரு சொல்லும் இல்லை. மீன் பிடித்ததற்கு மரண தண்டனை எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. படகைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்து அழுகவிடுவதும் ஒரு குடும்பத்தை மூழ்கடிப்பதுதான். ஆனால் மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். 285 ஏக்கர் தீவு அது. அதைச் சுற்றி மட்டும் இத்தனை மடிகளும் இழுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களில் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். உங்களுக்கு வேண்டிய இறால் அதையும் தாண்டி, வடகரைக்கு அருகில் இருக்கிறது. ஏனென்றால் அங்கே இன்னும் தரை இருக்கிறது.

2010 ஆகஸ்டில் அந்தக் கரையிலிருந்து மீனவர் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அரசாங்கங்கள் இல்லாமல் மீனவர்களும் மீனவர்களும் பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியை விட்டுவிடுவதாக நம் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஓராண்டு முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. 2017-ல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடை செய்தது. தங்கள் மீனவர்களிலும் இழுவைமடி வைத்திருப்பவர்கள் உண்டு என்று தெரிந்தே செய்தார்கள்.

அதே 2017-ல் இங்கே ஒரு திட்டம் வந்தது. இழுவைப் படகை ஒப்படைத்தால் சூரை பிடிக்கும் ஆழ்கடல் தூண்டில் படகு. ஒன்றின் விலை 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீதி கடனும் கைக்காசும். மூன்று ஆண்டில் 2,000 படகை மாற்றுவதாகச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கச் சொல்வது வேறு தொழிலுக்குப் போகச் சொல்வது போலத்தான். சூரைக்கு ஐஸ், சந்தை, விலை எதற்கும் முதலில் ஏற்பாடு இல்லை. 'மாற்றுத் திட்டம் கொடுத்தோம், மாறவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக, அந்தத் திட்டம் தோற்றதை மடியை விடாமலிருக்கக் காரணமாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விட்டால் பிழைக்க முடியாது என்ற பயம் பெரியது. விடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஊர் இருக்கிறது. கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து. அங்கே காட் மீன் ஐந்நூறு ஆண்டாகப் பிடித்தும் தீரவில்லை. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்த பிறகு 1968-ல் ஒரே ஆண்டில் எட்டு லட்சம் டன் பிடித்தார்கள். 1980-களில் கரையோரச் சின்னப் படகுக்காரர்கள் மீன் வரவில்லை என்று கத்தினார்கள். அரசாங்கத்துக் கணக்கு மீன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1992 ஜூலையில் மொத்தத் தொழிலையும் நிறுத்தினார்கள். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இரண்டே ஆண்டுக்கு என்று போட்ட தடை 2024 வரை நீண்டது. அங்கே யாரும் மீனுக்கு இரக்கப்பட்டுத் தொழிலை நிறுத்தவில்லை. பிடிக்க மீன் இல்லாமல் நின்றது.

நம் பக்கத்திலேயே வேறு மாதிரி நடந்ததும் உண்டு. பாம்பன் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கையால் பறிக்கிறார்கள். அவர்களைவிட ஏழைகள் உங்கள் கரையில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, தடைக்காலத்தில் எடுக்காமல் இருப்பது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. 'எங்களுக்கு வேறு வழியில்லை' என்று சொல்ல உங்களைவிடக் கூடுதல் நியாயம் இருந்தும் அவர்கள் அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதே கரையில் அதைக் கூறுபோட்டு விற்றார்கள். 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தபோது ஊர் எதிர்த்து நிற்காததற்கு இவர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நாட்டுப்படகுக்காரர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. சுருக்குமடி இருக்கிறது, தங்கூசி வலை இருக்கிறது, வெடிபோட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் தனி.

நாளைக்கே படகை உடையுங்கள் என்று கேட்க வரவில்லை. இழுவைமடி இந்த விரிகுடாவிலிருந்து போய்த்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து; அதற்கான செலவை அரசும் ஏற்றுமதிக்காரரும் ஏற்க வேண்டும் என்பதும் என் கருத்து. அது நடக்க ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால், யாரிடமும் மானியம் கேட்காமல், உங்கள் சங்கங்களே முடிவெடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: சங்காயத்தைக் கரைக்குக் கொண்டுவருவதில்லை, விற்பதில்லை என்பது. அது விலை போகாது என்று ஆனால் கண்ணியைப் பெரிதாக்க நீங்களே வழி பார்ப்பீர்கள். குஞ்சை இழுத்துக்கொண்டு வந்து டீசலை வீணாக்க யாருக்கும் மனம் வராது. கேரளத்தில் 58 வகை மீனுக்கு, இந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கே மீனவர்கள் பட்டினி கிடந்து சாகவில்லை. இரண்டாவதாக ஒன்றும் கேட்பேன். வடகரையில் செவுள் வலை கிடக்கும் இடத்தில் மடி போடுவதில்லை என்று சங்கத்தின் பெயரால் சொல்லுங்கள். மீறுகிற படகுக்கு அபராதத்தை நீங்களே போடுங்கள். மூன்று நாள் ஏற்பாட்டை மீறியவர்களைச் சங்கம் எப்படிக் கட்டுப்படுத்தியதோ அப்படியே.

முடியாது என்பவர்களிடம் காரணம் கேளுங்கள். பங்குக்குப் போகிற தொழிலாளர்களையும் அந்தக் கூட்டத்தில் பேசவிடுங்கள். பெரும்பாலும் படகுக்காரர்கள் மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். சங்காயக் காசில் தொழிலாளிக்கு எவ்வளவு வருகிறது, டீசல் கழிவில் எவ்வளவு போகிறது என்ற கணக்கை வெளிப்படையாக வைத்தாலே பாதி வாதம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும், வலை பார்ப்பீர்கள், எஞ்சின் பார்ப்பீர்கள், சங்கக் கூட்டமும் போடுவீர்கள். வழக்கமாக டீசல் மானியம், நிவாரணத் தொகை, சிறைப்பட்ட படகுகள் என்று பேச்சு முடியும். ஜூன் 14-க்குள் ஒரு கூட்டத்தில் சங்காயத்தையும் சேர்த்துப் பேசுங்கள். தீர்மானம் எந்தப் பக்கம் வந்தாலும் எழுதி, மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள மீனவர் சங்கங்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மீனைத் தின்கிற ஒருவன்